டயர் மாற்றியதும் அலாய் வீலில் கீறல்: "முன்னாடியே இருந்தது சார்" என்று சொன்னால் எங்கே பார்ப்பது?

நாலு புது டயர், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் முடித்து, டயருக்குக் கறுப்பு பாலிஷும் அடித்து வண்டியைப் பளபளவென்று கையில் கொடுப்பார்கள். முதல் தடவை கழுவும்போதுதான் தெரியும். ரிம் ஓரத்தில் துடைத்தால் சில்வர் பெயின்ட் துணியோடு வரும், அடியில் பச்சைக் காயம் இருக்கும். கடைக்குத் திரும்பப் போனால் பதில் தயார்: "இது முன்னாடியே இருந்தது சார்."

அது உண்மையா என்பதைக் காயத்தின் வடிவமே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிளாட்பாரத்தில் உரசிய காயம் சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். பல நேரம் ஸ்போக் மேலும் ஏறியிருக்கும். நாள்பட்டதென்றால் பள்ளத்துக்குள் பிரேக் தூள் படிந்து கறுத்திருக்கும். டயர் மாற்றும் மெஷினில் பட்ட புதுக் காயம் பளிச்சென்று மின்னும்.

ரிம் விளிம்பில் சம இடைவெளியில் நாலு கடி தெரிந்தால், அது மெஷின் தட்டில் ரிம்மைப் பிடிக்கும் நாலு தாடைகளின் வேலை. இரும்பு ரிம்மை உள்ளிருந்து விரித்துப் பிடிப்பது வழக்கம். அலாயை வெளியிலிருந்துதான் பிடிக்க வேண்டும். தாடைக்குப் பிளாஸ்டிக் உறையும் கட்டாயம். டிசைன் முகம் மேலே பார்க்க வைத்தால், தாடை பின்பக்க விளிம்பில்தான் படும். முன்பக்கத்தில் நாலு கடி விழுந்திருந்தால் வீலைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். சில ரிம்களில், டயர் கழன்று வர இடம் தரும் நடுப்பள்ளம் பின்பக்கமாக இருப்பதால் கவிழ்த்தே ஆக வேண்டும். அப்போது உறை இல்லாத தாடையில் ஏற்றவே கூடாது.

விளிம்பைச் சுற்றி வட்டமாக ஒரே கோடு ஓடினால், அது டயரைத் தூக்கி வெளியே எடுக்கும் வாத்து மூக்கு போன்ற தலை உரசியது. அந்தத் தலைக்கும் ரிம்முக்கும் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்ட வேண்டும். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். தேயத் தேய மாற்ற வேண்டிய பொருள். விலை அதிகமில்லை, ஆனாலும் இரும்பு எட்டிப் பார்க்கும்வரை ஓட்டுகிற கடைகள் உண்டு.

பிறை வடிவத்தில் உரசல் என்றால் அது டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிக்கும் அமுக்குத் தகட்டின் அடையாளம். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டபின், தகட்டை ரிம் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி ரப்பர் மேல் வைத்து, கொஞ்சம் அமுக்கி, வீலைத் திருப்பி, மறுபடி அமுக்க வேண்டும். அவசரத்தில் ஒரே அமுக்காக அமுக்கும்போதுதான் வழுக்கி ரிம்மில் ஏறுகிறது. டயர் பிரஷர் சென்சார் உள்ள வண்டி என்றால் வால்வு இருக்கும் பக்கம் தகடு போகவே கூடாது. உள்ளே சென்சார் நொறுங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, ஒரே இடத்தில் ஆழமாக, விளிம்பே மழுங்கிப்போன குழி. லிவர் போட்டு நெம்பியது. இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். டயரின் ஓரமான பீடுக்குள் எஃகுக் கம்பி வளையம் இருக்கிறது; அது நீளாது. அதனால் ஒரு பக்கம் விளிம்பைத் தாண்ட வேண்டுமென்றால், எதிர்ப் பக்கம் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கி இடம் கொடுக்க வேண்டும். லிவர் 12 மணி இடத்தில் என்றால், 6 மணி இடத்தில் ஒரு கை டயரைப் பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் பலத்தால் நெம்பினால் அந்தப் பலமெல்லாம் ரிம் விளிம்பில்தான் இறங்கும். பீடும் கிழியலாம். 45, 50 ப்ரொஃபைல் (அகலத்தில் அத்தனை சதவீதமே பக்கச் சுவர் உயரம்) டயர்களில் பக்கச் சுவர் விறைப்பு என்பதால், கூடவே அமுக்கித் தரும் உதவிக் கை இல்லாத மெஷினில் மாற்றாமல் இருப்பதே நல்லது. பீடு முழுக்க, வழுக்கி ஏற உதவும் டயர் பேஸ்ட் தடவ வேண்டும். சோப்புத் தண்ணீர் பரவாயில்லை. கிரீஸோ பழைய இன்ஜின் ஆயிலோ தடவுவதைப் பார்த்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ரப்பர் ஊறும், ஓட்டத்தில் டயர் ரிம்மிலேயே நழுவும்.

பேலன்சிங்கிலும் கவனம் வேண்டும். சுத்தியலால் தட்டி மாட்டும் கிளிப் வெயிட் விளிம்பின் கோட்டிங்கை உடைத்துவிடும். ஸ்போக்குக்குப் பின்னால், உள் சுவரில் ஒட்டும் வெயிட்தான் கேட்க வேண்டும். பழையதை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாமல் பிளாஸ்டிக் தகட்டால் எடுத்து, இடத்தைத் துடைத்துக் காயவைத்து ஒட்டினால் கழன்று விழாது. "ரிம் பெண்ட், அடிச்சு எடுக்கணும்" என்று தனி பில் வந்தால், டயரில்லாத ரிம்மை பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றச் சொல்லி, விளிம்பருகே ஒரு பேனாவை அசையாமல் பிடித்துப் பாருங்கள். இடைவெளி ஏறி இறங்காவிட்டால் பெண்டும் இல்லை.

கடைசியாக நட். நட் முடுக்கும் இம்பாக்ட் கன்னை வைத்து இறுதிவரை இறுக்கினால் நட் குழியின் சுவர் உரசும், நட் ஏறும் போல்ட்டான ஸ்டட் இழுபடும். மெல்லிய சுவருள்ள, பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கெட் வேண்டும். கையால் முடுக்கி, எதிரெதிராக இறுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள் வரும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

சாவியைக் கொடுப்பதற்கு முன் நாலு வீலையும் தேதி தெரிகிற மாதிரி வீடியோ எடுங்கள். இருக்கிற பழைய கீறலை நீங்களே காட்டி ஜாப் கார்டில் எழுத வையுங்கள். பிறகு புதிதாக ஒன்று வந்தால் யாருடையது என்ற வழக்கே இல்லை. தாடை உறை இருக்கிறதா என்று கேட்காமல், மெஷின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கழற்றிய வீலைச் சிமென்ட் தரையில் முகம் குப்புறப் போடுகிற கடை என்றால் முதல் வீலிலேயே நிறுத்திவிடலாம். பணம் கட்டும் முன், டயர் பாலிஷ் அடிக்கும் முன், ஈரத் துணியால் விளிம்பைச் சுற்றித் துடைத்து, நகத்தை ஓட்டிப் பாருங்கள். டச்சப் பெயின்ட் அங்கேயே ஒட்டிக்கொண்டு வரும்.

கடை மறுத்தால், பில்லும் வீடியோவும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் சேவைக் குறைபாடு என்று போக இரண்டு வருட அவகாசம் உண்டு; கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணமும் இல்லை.

"சில்வர் ஸ்ப்ரே அடிச்சுத் தர்றோம்" என்ற சமாதானத்துக்கு மட்டும் தலையாட்டாதீர்கள், முக்கியமாக, முகத்தை லேத்தில் சீவிப் பளபளக்க வைத்த டைமண்ட் கட் வீலுக்கு. அதன் மேல் இருக்கும் லாக்கர் என்ற தெளிவான பூச்சு ஒரு இடத்தில் உடைந்தால் ஈரம் அதற்கடியில் நுழைந்து, வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி அரிப்பு பரவும். கடலோரத்தில் இன்னும் வேகமாக. ஸ்ப்ரே அதை நிறுத்தாது. லேத்தில் முகத்தைப் புதிதாகச் சீவி, மறுபடி லாக்கர் போடுவதுதான் வழி. ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைவதால் அதையும் நினைத்தபோதெல்லாம் செய்ய முடியாது.