சிக்கும் டூல் பாக்ஸ் டிராயர்: கழுவுவதா, மெழுகு தேய்ப்பதா, சேனலையே மாற்றுவதா?

பழைய டூல் பாக்ஸின் டிராயர் பாதியில் மக்கர் செய்தால் கை முதலில் ஸ்பிரே டப்பாவைத்தான் தேடும். அடித்த அன்று வழுக்கிக்கொண்டு வரும். கொஞ்ச நாளில் பழைய கதை. டிராயர் ஓடும் பக்கத் தடமான சேனலில் இருக்கும் கிரீஸின் எண்ணெய் காலப்போக்கில் கசிந்தும் வறண்டும் போய்விடுகிறது. மிஞ்சும் பசை இரும்புத்தூள், மரத்தூள், தூசி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு கெட்டிப்படுகிறது. டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேக்களில் பெரும்பகுதி கரைப்பான். அது அந்தப் பிசுக்கை இளக்கும், வெளியே எடுக்காது. கரைப்பான் பறந்தபின் தங்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம் புதுத் தூசிக்கு இடம் கொடுக்கும். கழுவ அதைப் பயன்படுத்துங்கள், மசகாக வேண்டாம்.

மற்ற வழிகளை ஒப்பிடும் முன் பெட்டியில் இருப்பது எந்த வகைச் சேனல் என்று பார்க்க வேண்டும். ஒன்று, தகட்டை மடித்துச் செய்த உராய்வுச் சேனல்: டிராயரின் விளிம்பு நேரடியாக இரும்புத் தடத்தில் உரசி ஓடும், குண்டுகள் கிடையாது. மற்றொன்று பால் பேரிங் சேனல்: தகடுகளுக்கு நடுவே சிறு குண்டுகள் உருண்டு டிராயரை நகர்த்தும். ஒன்றுக்குச் சரிவரும் வைத்தியம் மற்றதைக் கெடுத்துவிடும்.

அடுத்து, டிராயரைக் காலி செய்துவிட்டு இழுத்துப் பாருங்கள். காலியாக லேசாக வந்து, சாமான் வைத்ததும் திணறினால் அடித்தகடு தொய்ந்து கீழ் டிராயரில் உரசுகிறது. சேனலை எத்தனை முறை கழுவினாலும் அது தீராது. ஒரே இடத்தில் மட்டும் தடுக்கினால் தகடு வளைந்திருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகக் கனத்தால் பிசுக்கு. கரகரவென்று சத்தம் வந்தால் துரு, அல்லது குண்டுகளுக்குச் சேதம்.

கழுவி மசகிடுவது

பிசுக்குதான் காரணம் என்றால் புதுச் சேனல் வாங்குவது வீண். உராய்வு வகையில் டிராயரை முழுக்க இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கிச் சாய்த்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். பால் பேரிங் வகையில் பக்கத்துக்கு ஒரு சிறு நெம்பி இருக்கும். பல ரகங்களில் ஒரு பக்கம் மேலே தூக்க வேண்டும், மறுபக்கம் கீழே அழுத்த வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால்தான் வெளியே வரும்.

மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைனைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தடவி, 10-15 நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். ஒரு தடவையில் முடியாது. காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீ கூடாது. பிரேக் கிளீனர் இந்த வேலையை வேகமாக முடிக்கும், ஆனால் பெட்டியின் பெயிண்டையும் குண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கூண்டையும் கெடுக்கலாம். மண்ணெண்ணெயும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும் என்பதால் கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு.

துருவுக்கு மிக மெல்லிய ரக (0000) ஸ்டீல் ஊல் போதும். வினிகரில் ஊறவைக்கும் யோசனை பூச்சில்லாத வெறும் இரும்புக்குத்தான் பொருந்தும். நாகப் பூச்சுள்ள சேனலில் அந்த அமிலம் முதலில் பூச்சைத்தான் தின்னும். முரட்டு உப்புத்தாளும் அதையேதான் செய்யும். பளபளப்பு வரும், பிறகு துரு இன்னும் வேகமாக வரும்.

எந்த மசகு?

பால் பேரிங் சேனலுக்கு 2-ஆம் எண் கெட்டித்தன்மையுள்ள லித்தியம் கிரீஸ். பக்கத்துக்குத் தீக்குச்சி முனை அளவு எடுத்துக் குண்டு ஓடும் தடத்தில் மட்டும் தடவி, சில முறை திறந்து மூடினால் தானாகப் பரவும். சேனலின் வெளிப்புறத்தில் வழிந்தால் அளவு மிஞ்சிவிட்டது, துடைத்துவிடுங்கள்.

உராய்வுச் சேனலில் இந்தக் கிரீஸ் சரிவராது. தடம் திறந்தே கிடப்பதால் தூசி நேராக அதில் விழும். இங்கே மெழுகும் டெஃப்லான் உலர் ஸ்பிரேயும்தான் போட்டி. மெழுகு என்றால் சாதாரண பாரஃபின் மெழுகுவர்த்தியே போதும்: தடத்திலும் டிராயர் விளிம்பிலும் அழுத்தித் தேய்த்து, துணியால் ஒரு முறை மெருகேற்றினால் முடிந்தது. தூசி அவ்வளவாக ஒட்டாது, கையிலும் பிசுபிசுக்காது. சுமை அதிகமான டிராயரில் சீக்கிரம் வழித்தெடுக்கப்படும், திரும்பத் தேய்க்க வேண்டும். உலர் ஸ்பிரே குறுகலான மடிப்புகளுக்குள்ளும் போகும். கரைப்பான் காய்ந்ததும் வெள்ளைப் படலம் தங்கும். அது காயும் முன் டிராயரைப் பொருத்தினால் படலம் சுரண்டப்பட்டு, போட்டதே வீணாகும். கைக்கு எட்டும் தடத்துக்கு மெழுகு, எட்டாததற்கு ஸ்பிரே என்பது என் தேர்வு.

சிலிக்கான் ஸ்பிரே நன்றாகவே வழுக்கும். ஆனால் பெயிண்ட் வேலை நடக்கும் இடத்தில் அதை அடிக்காதீர்கள். துளி பட்ட பரப்பில் பெயிண்ட் பிடிக்காமல் குழிகுழியாக விலகும்.

இன்னொரு வழி, பின்புறம் பசையுள்ள யூ.எச்.எம்.டபிள்யூ பாலிஎத்திலீன் (தேயாத, வழுக்கும் பிளாஸ்டிக்) டேப். உராய்வுச் சேனலின் தேய்ந்த தடத்தில் ஒட்டினால் இரும்போடு இரும்பு உரசுவதே நின்றுவிடும். தடத்தில் அதன் கனத்துக்கு இடம் வேண்டும். ஏற்கெனவே இறுக்கமான டிராயரில் ஒட்டினால் இன்னும் இறுகும். பரப்பில் எண்ணெய்த் துளி இருந்தாலும் பசை பிடிக்காது. சுமை ஏறிய டிராயருக்கு மெழுகைவிட இது நிலைக்கும்.

சேனலை மாற்றுவது

கூண்டு உடைந்து குண்டுகள் கொட்டியிருந்தால், தடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், மாற்றுவதே வழி. அதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள்: டிராயர் கடைசி ஓரிரு சென்டிமீட்டர் மூடாமல் நிற்பது பல நேரம் கூண்டு இடம் நகர்ந்ததால்தான். அரைகுறையாகவே திறந்து மூடும் பழக்கத்தில் அது நகரும். ஒரு முறை முழுக்க இழுத்து, சற்று அழுத்தி முழுக்க மூடினால் இடத்துக்குத் திரும்பும்.

வழக்கமான 45 மி.மீ. உயர பால் பேரிங் சேனலுக்குப் பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடைவெளி தேவை. அதாவது பெட்டியின் வாயைவிட டிராயர் 25.4 மி.மீ. குறுகலாக இருக்க வேண்டும். இறுக்கமானால் டிராயர் நகராது. சற்றுத் தளர்ந்தால் வாஷர் வைத்து ஈடுகட்டலாம். பழைய உராய்வுச் சேனல் பெட்டிகள் பலவற்றில் இந்த இடைவெளியே இருக்காது. டிராயரை வெட்டிக் குறுக்க வேண்டிவரும். அந்தப் பெட்டிக்கு டேப்பும் மெழுகும்தான் புத்திசாலித்தனம்.

ரிவெட் அடித்த சேனலானால் தலையை மட்டும் துளைத்தெடுத்து, மிச்சத்தைத் தட்டி வெளியேற்றுங்கள். 4.8 மி.மீ. ரிவெட்டுக்கு 4.9 மி.மீ. துளை, அதைவிடப் பெரிதானால் புது ரிவெட் ஆடும். பெட்டிக்குள் நீட்டும் ஸ்க்ரூ தலை சேனலின் ஓட்டத்தைத் தடுக்கும், தட்டைத் தலையே போடுங்கள்.

டிராயரைத் திரும்பச் செருகும்போதுதான் அதிகம் கெடுகிறது. குண்டுக் கூண்டை முன்விளிம்புவரை இழுத்து வைத்து, இரு பக்கமும் ஒரே அளவில் நேராக நுழைக்க வேண்டும். கோணலாகத் தள்ளினால் உள்தகடு கூண்டில் மோதி, குண்டுகள் தரையில் உருளும்.

புதுச் சேனலில் டிராயர் முழு நீளமும் வெளியே வரும். பழையது அப்படி வந்திருக்காது. கனமான ஸ்பேனர் செட் மேல் டிராயரில் இருந்து, கூடவே இன்னொன்றையும் திறந்தால் பெட்டியே முன்னால் கவிழும். கனத்தைக் கீழே இறக்கிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு டிராயர் மட்டும் திறங்கள்.