‘காப்பிரைட் தொல்லை இல்லை’ என்று விற்கப்படும் ஸ்டைல் பேக்குகள்: கீபோர்டு வாசிப்பவர்கள் கவனத்திற்கு

மெல்லிசைக் குழுக்களில் யமஹா கீபோர்டு வாசிப்பவர்களைத் தேடிப் பிடித்து, “எல்லாம் நானே புரோகிராம் செய்தவை, காப்பிரைட் தொல்லை இல்லை” என்ற உறுதியுடன் வாட்ஸ்அப்பில் இந்தியன் ஸ்டைல்கள் (கார்டு, அதாவது சுரக்கூட்டு, பிடித்தால் தாளமும் பக்க இசையும் தானாக ஒலிக்கச் செய்யும் கோப்புகள்) விற்கும் ஒருவரிடம் நான் பணம் கட்டி ஏமாந்தேன்.

ஸ்டைல் கோப்பின் பெரும்பகுதி சாதாரண மிடி தரவுதான், அதாவது எந்தச் சுரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்னும் குறிப்புதான். அதில் பதிப்புரிமைக் குறிப்பு எழுதுவதற்கென்றே தனி இடம் உண்டு. விற்றவர் கோப்புகளின் பெயர்களை மாற்றியிருந்தாரே தவிர உள்ளே கை வைக்கவில்லை. கணினியில் திறந்து பார்த்தபோது, பலவற்றில் வேறொரு புரோகிராமரின் பெயரும் உரிமைக் குறிப்பும் அப்படியே இருந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், கூடவே தந்த, கீபோர்டில் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் டோலக், தபேலா ஒலிகளின் எக்ஸ்பேன்ஷன் பேக்கை மட்டும், என் கீபோர்டை அடையாளம் காட்டும் தகவல் கோப்பைக் கேட்டு வாங்கி, வேறு கருவியில் ஏறாதபடி பூட்டித் தந்திருந்தார்.

விளக்கம் கேட்டதற்கு, “தாளம் யாருக்கும் சொந்தமில்லை” என்றார். கெஹர்வா, தாத்ரா போன்ற தாளங்கள் யாருக்கும் சொந்தமில்லை என்பது உண்மையே. ஆனால் அவற்றின் மேல் ஒருவர் எழுதிய பாஸ் ஓட்டம், கார்டு வீச்சு, ஸ்டைலின் முக்கியப் பகுதிகளான நான்கு மெயின்களுக்கும் தனித்தனியாக அமைத்த ஃபில்-இன் என்னும் இடைநிரப்பு ஆகியவை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்லும் இசைப் படைப்பு என்ற வரையறைக்குள் வர இடமுண்டு. கார்டு மாறும்போது தாளம், பாஸ் முதலான எட்டுப் பாகங்களும் பிசகாமல் நிற்கச் செய்வதற்கு எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்பது அதைச் செய்தவருக்குத்தான் தெரியும்.

அந்தச் சட்டப்படி உரிமை மாற்றமும் உரிமமும் எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு தாளைக் காட்டுமாறு கேட்டதும் அவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார், பணமும் திரும்பவில்லை. உரிமை இருப்பதை அறியாமல், ஐயப்படவும் காரணமின்றிப் பயன்படுத்தியவருக்கு 55-ஆம் பிரிவு ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. தெரிந்த பிறகும் மேடையிலோ ரெக்கார்டிங்கிலோ அதே ஸ்டைலை வாசித்தால், தெரிந்தே மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்னும் 63-ஆம் பிரிவு நம் பக்கமும் திரும்பலாம்.

ஆகவே பணம் கட்டுமுன் மாதிரிக் கோப்பு ஒன்றை வாங்கிக் கணினியில் திறந்து பாருங்கள். கச்சேரிக்கும் பதிவுக்கும் பயன்படுத்தலாம் என்று உருவாக்கியவரே எழுதித் தந்த அனுமதியைக் கேளுங்கள். நான் வாங்கிய அதே தொகுப்பு, ஆடித் திருவிழா சீசனுக்கான புதிய வரவு என்ற பெயரில் இப்போதும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கிறது.