மூலையில் வந்த ‘வைரஸ்’ மெசேஜும் நான் அழுத 2,800 ரூபாயும்

சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். போன மே மாதம் நடந்தது இது. கோபம் அடங்கி எழுத இப்போதுதான் முடிகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் வலது பக்கக் கீழ்மூலையில் திடீர் திடீரென்று மெசேஜ் முளைக்க ஆரம்பித்தது. உங்கள் கணினியில் 5 வைரஸ் இருக்கிறது, ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது என்றெல்லாம். நடுவில், நாங்கள் வாங்கவே வாங்காத சீட்டுக்குப் பரிசு வேறு. ஒன்றை மூடினால் அடுத்தது. மகள் படித்துக்கொண்டிருக்கும்போது அரைகுறை உடையில் ஒரு படத்தோடு ஒன்று வந்து நிற்கவும், அன்றைக்கே சிபியூவைக் கழற்றிவிட்டேன். வேலூர் வெயிலில் அந்த இரும்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனவர்களுக்குத் தெரியும் அந்தச் சூடு.

கடைக்காரர் மெசேஜைப் பார்த்தார். “வைரஸ் ஃபுல்லா பரவிடுச்சு சார். ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாவும்.” ஃபார்மேட்டுக்கு 800, ஒரு வருட ஆன்டிவைரஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,800. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார். “டி டிரைவைத் தொட மாட்டோம், உங்க ஃபைல் எங்கேயும் போகாது” என்றார். நானும் தலையாட்டினேன்.

டெஸ்க்டாப்பில் நாம் போட்டு வைக்கும் ஃபோல்டர்கள் எல்லாம், ஃபார்மேட்டில் துடைக்கப்படும் சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன என்று எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரியும். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண போட்டோக்கள் முழுக்க டெஸ்க்டாப்பில்தான் இருந்தன.

சரி, மெசேஜாவது நின்றதா? பத்து நாள்கூட ஆகவில்லை, திரும்பவும் மூலையில் அதே 5 வைரஸ். போதாததற்கு, காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸும் தன் பங்குக்கு ‘அப்கிரேடு செய்யுங்கள்’ என்று தினம் எட்டிப் பார்த்தது.

காட்பாடியிலிருந்து வந்த அக்கா பையன்தான் பார்த்துச் சிரித்தான். “மாமா, இது வைரஸே இல்ல. கீழே சின்ன எழுத்துல பாருங்க.” பார்த்தேன். குரோம் என்றும், கூடவே ஏதோ ஒரு வெப்சைட்டின் முகவரியும் இருந்தது. மாதிரி வினாத்தாள் இறக்க மகள் போன தளத்தில், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அமுக்குங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அவளும் அமுக்கியிருக்கிறாள். அந்த அலவ், அந்தத் தளம் நமக்கு நோட்டிஃபிகேஷன், அதாவது மூலையில் முளைக்கும் இந்த மெசேஜ்களை, அனுப்பலாம் என்று நாமே கொடுக்கும் அனுமதி. ஃபார்மேட் ஆன பிறகும் அதே தளத்துக்குப் போய் அதையே அமுக்கியிருக்கிறாள், பாவம்.

குரோமில் மேலே வலது பக்கம் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. தெரியாத பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியை அமுக்கி பிளாக் கொடுத்தான். எந்தத் தளமும் இனிமேல் இப்படிக் கேட்கவே கூடாது என்றும் அதே பக்கத்தில் வைத்துவிட்டான். இரண்டே நிமிடம். அப்புறம் விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டரில் ஒரு ஸ்கேன். ஒன்றும் இல்லை.

திரை முழுக்க அடைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் பெயரில் ‘இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்’ என்று சத்தம் போடும் வகையும் உண்டாம். மைக்ரோசாஃப்டின் நிஜமான எச்சரிக்கையில் போன் நம்பரே இருக்காது. ஆல்ட்டும் எஃப்4-ம் சேர்த்து அமுக்கி மூடிவிடலாம். போன் செய்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். “நீங்க மறுபடி எதையாவது அமுக்கினா நான் இன்னா சார் பண்றது?” என்றார். போட்டோக்களைப் பற்றிக் கேட்டதற்கு, “காப்பி எடுக்கச் சொல்லலையே” என்றார். சொல்லவில்லைதான். அவர் கேட்கவும் இல்லை. சித்தப்பா போனில் நாற்பது படம் இருந்தது. அதில் தாலி கட்டும் படம் இல்லை.