நனைந்த தெருவை எண்ணெய் வண்ணத்தில் வரையக் கற்பிக்கும் கிருஷ்ணகிரி வகுப்பு

மழை என்றவுடன் வானத்திலிருந்து தரை வரை சாய்கோடுகளை இழுத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு வீட்டு மாடியில் வார இறுதிகளில் நடைபெறும் எண்ணெய் வண்ண வகுப்பு, அந்தப் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விடச் சொல்கிறது. இதற்குச் சான்றாக ஆசிரியர் காட்டுவது, பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1877இல் வரைந்து, இப்போது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கும் பாரிஸ் மழைநாள் ஓவியத்தின் அச்சுப்படியை. அதில் விழும் துளி ஒன்றுகூடத் தென்படாது; விரிந்த குடைகளும் கல் பாவிய தெருவின் பளபளப்புமே மழையைச் சொல்லிவிடுகின்றன.

தரையைப் பற்றிய பாடத்துக்காகவே இந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம். கிரானைட்டுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால், மெருகேற்றாத கருங்கல் பலகை ஒன்றின் பாதியை மட்டும் நனைத்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். காய்ந்த பாதியின் சொரசொரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் அது வெளுத்துத் தெரிகிறது. நனைந்த பாதியில் ஒளியின் ஒரு பகுதி நீர்ப்படலத்துக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பட்டுக் கல்லால் உறிஞ்சப்படுவதால் நிறம் அழுத்தமாகிறது. ஆகவே அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்னும் அடர்பழுப்பும் கலந்த அடர்சாம்பலைத் தரை முழுவதும் மெல்லிதாகப் பூசிய பிறகே வெளிச்சத்தை ஏற்றச் சொல்கிறார்கள். காலடியில் தேங்கிய நீரில் அடித்தரை தெரியும், தொலைவில் தேங்கியதில் வானமே தெரியும் என்பதையும், நிழல் விளக்கின் திசைக்கேற்பச் சாயும்போது பிரதிபலிப்பு பொருளுக்கு நேர்கீழே மட்டுமே விழும் என்பதையும் ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார். டீக்கடை விளக்கின் மஞ்சளை ஈரமான சாம்பலின் மேல் தட்டைத் தூரிகையால் கீழ்நோக்கி இழுத்து, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, குறுக்கே ஓரிரு முறை மட்டும் தொட வேண்டும். அதற்குமேல் தொட்டால் மஞ்சள் சேறாகிவிடும்.

குறைகளும் உண்டு. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றே இறுகுகிறது. குளிர்ந்த, ஈரப்பதம் மிகுந்த நாட்களில் இது இன்னும் மெதுவாக நடக்கும். அப்படியிருக்க, வெறும் ஆளி விதை எண்ணெயைக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை பூசியதன் மேல் ஞாயிற்றுக்கிழமையே அடுத்த அடுக்கைப் பூசச் சொல்வது பொருந்தவில்லை. விரைவில் காயும் ஆல்கைட் கலவை ஒரு புட்டி இருந்தாலே இந்தச் சிக்கல் தீரும். சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களைச் சாத்திக்கொண்டு, வண்ணத்தை இளக்கப் பயன்படும் நெடிமிக்க டர்பென்டைனைத் திறந்து வைப்பதை உடனே நிறுத்த வேண்டும். தலைவலியோடு எவரும் நுணுக்கமாக வரைய முடியாது. வழங்கப்படும் வெள்ளையும் மட்டமானது, அதில் விளக்கின் உச்ச ஒளி எடுபடுவதில்லை. டைட்டானியம் வெள்ளை மட்டுமாவது நல்ல தரத்தில் சொந்தமாக வாங்கிச் செல்வது நல்லது.

தூரிகை பிடித்துப் பழகியவர்களுக்கே இங்குள்ள வேகம் ஒத்துவரும். எண்ணெய் வண்ணத்தை முதன்முதலாகத் தொடுபவர்கள் வேறிடத்தில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வரலாம். தருமபுரி, ஓசூர்ப் பக்கமிருந்து பேருந்தில் வருவோர் ஆழமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும், ஏனெனில் ஈரக் கேன்வாஸை எடுத்துச் செல்ல அங்கே எந்த ஏற்பாடும் இல்லை.