குழந்தைக்கு ஷண்ட் அறுவை: திருவனந்தபுரம் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய மதிப்புரை

தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் வாழும் எங்களுக்கு மூளை, நரம்பு தொடர்பான பெரிய சிகிச்சை என்றால் திருவனந்தபுரம்தான். என் தங்கையின் கைக்குழந்தைக்கு மூளையில் நீர் கோத்திருந்ததால் அங்குள்ள ஒரு மருத்துவமனையில் ஷண்ட் வைத்தார்கள். குறைகளையும் எழுதுவதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

மூளை அறைகளில் தேங்கும் நீரை, தோலுக்கடியில் செல்லும் மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் வடியவிடும் கருவியே ஷண்ட். எவ்வளவு கைதேர்ந்தவர் வைத்தாலும் அது அடைபடலாம், கிருமியும் தொற்றலாம். தொற்று பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டும். ஆகவே, சிக்கல் வந்து திரும்பி வரும் குழந்தையை எப்படிக் கவனிக்கிறார்கள் என்பதை வைத்தே இத்தகைய பிரிவை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வகையில் இந்தப் பிரிவுக்கு முழு மதிப்பெண் தருவேன். அறுவைக்கு முன்பே மருத்துவர் இச்சிக்கல்களை மறைக்காமல் சொல்லிவிட்டார். உச்சிக்குழி புடைத்தாலோ, வாந்தி நிற்காமல் குழந்தை அசந்து கிடந்தாலோ, குழாய் செல்லும் வழியில் தோல் சிவந்தாலோ, பல் முளைக்கிறது என்று யார் சொன்னாலும் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும் என்று செவிலியர் மலையாளம் கலந்த தமிழில் தங்கைக்குப் புரியும்வரை விளக்கினார். சில வாரங்களில் காய்ச்சலும் கழுத்தோரச் சிவப்பும் வந்தன. மூளை நீரில் தொற்று உறுதியானதும் ஷண்டை அகற்றி, நீர் வெளியே வடியத் தற்காலிகக் குழாய் வைத்து, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, நீர் தூய்மையானதைப் பரிசோதனையில் உறுதிசெய்த பின்பே புதிய ஷண்டை மறுபக்கத்தில் பொருத்தினார்கள்.

அந்நாட்களில் நான் கண்ட செவிலியர் பணி தனியே சொல்லத் தக்கது. தற்காலிகக் குழாய் வழியே நீர் சொட்டும் கலத்தின் உயரத்தைக் குழந்தையின் காதுத் துளை மட்டத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொரு முறையும் சரிபார்த்தார்கள். பால் கொடுக்கத் தூக்குவதற்கு முன் குழாயின் அடைப்பானை மூடி, படுக்க வைத்து மட்டம் பார்த்த பின்பே திறந்தார்கள். கலம் தாழ்ந்துவிட்டால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும் என்பதால், அறியாத உறவினர் யாரும் கட்டிலை ஏற்றி இறக்க விடவில்லை.

குறைகளும் உண்டு. பைஸ்டாண்டர், அதாவது நோயாளியுடன் துணைக்குத் தங்குபவர், ஒருவருக்கு மட்டுமே அனுமதி. பச்சிளம் குழந்தையுடன் தாய் தனியாக இரவு முழுவதும் விழித்திருப்பது கொடுமை. இரவு அவசரப் பிரிவில் பழைய சீட்டைக் காட்டியும் பதிவுக்காக நெடுநேரம் நிற்க வைத்தார்கள். ஷண்ட் உள்ள குழந்தை மயங்கிய நிலையில் வந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்பதால் இது உடனே திருத்தப்பட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுகிறது.

இருந்தும் இப்பிரிவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். செல்பவர்கள், எந்த வகை ஷண்ட், அழுத்தத்தை வெளியிலிருந்து மாற்றக்கூடியதா என்பதைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். அப்படி மாற்றக்கூடியவற்றில் சிலவற்றின் அழுத்த அளவு எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் காந்தப்புலத்தால் மாறிவிடக்கூடும் என்பதால், ஸ்கேனுக்குப் பின் அதைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.