வாகன் தளம்: பழைய கார் வாங்குபவருக்கு எதுவரை கைகொடுக்கும்?

வேலூரில் பழைய கார் பார்க்கப் போனால் ஒரே கன்சல்டிங் (பழைய கார் வியாபாரி) வாசலில் மூன்று மாநிலத்து வண்டியும் நிற்கும். உள்ளூர் டிஎன் 23, ராணிப்பேட்டை டிஎன் 73, வாணியம்பாடி டிஎன் 83 போதாதென்று, காட்பாடி தாண்டி கிறிஸ்டியான்பேட்டை வழியாக வந்த சித்தூர் வண்டி, பெங்களூரிலிருந்து இறங்கிய கேஏ வண்டி எல்லாம் கலந்திருக்கும். இன்ஜின் சத்தம் கேட்டுச் சொல்ல மெக்கானிக் கிடைப்பார். ஆர்சி புக்கைப் படித்துச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. மத்திய அரசின் பரிவாகன் இணையதளம், அதன் அடியிலுள்ள வாகன் பதிவேடு, எம்பரிவாகன் செயலி மூன்றையும் அந்த வேலைக்கு எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம்.

விசாரிக்க அருமையான சேவை. அதை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது தப்பு.

செல்போன் எண்ணால் உள்ளே நுழைந்து வண்டி நம்பரைப் போட்டால் ஒரு பக்கம் விரியும். உரிமையாளர் பேர் முழுசாக வராது. சில எழுத்துகள் மட்டும் தெரிய, மீதி நட்சத்திரக் குறிகளாக இருக்கும். தெரிகிற எழுத்துகளையும் விற்பவர் காட்டும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு தனித் தலைவலி. ஆர்சியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், சிலருக்கு அப்பா பேரே விரிந்து நிற்கும். பேர் மாற்றும்போது ஆதார் வழி சரிபார்ப்பு இதில்தான் தடுக்கி விழும். அதை விலை பேசும்போதே கவனித்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம்.

அடுத்து, பதிவு செய்த அலுவலகம் எது என்ற வரி. 2019-க்குப் பிறகு பதிவான ஆந்திர வண்டிகளில் மாவட்டக் குறியீடு கிடையாது. பழைய சித்தூர் வண்டியில் ஏபி 03 இருக்கும். புதியதில் ஏபி 39 என்றிருந்தால் அது சித்தூரா விசாகப்பட்டினமா என்று பலகையைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று (என்ஓசி), அதாவது படிவம் 28, வாங்க வேண்டியது இந்த வரியில் இருக்கும் அலுவலகத்தில். "சித்தூர்தாங்க, ஒரு மணி நேரத்துல போய் வாங்கிடலாம்" என்று சொல்லப்படும் வண்டியின் அலுவலகம் எங்கோ கடலோரத்தில் இருக்கலாம். வெளி மாநில வண்டி என்றால் தமிழ்நாட்டு வரியும் உண்டு. வண்டியின் வயதைப் பொறுத்துத் தொகை மாறும். இந்தக் கணக்கைப் போடாமல் "பெங்களூர் வண்டி, விலை கம்மி" என்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

வாகன வகை என்ற வரியில் பலரும் கண் வைப்பதில்லை. டி போர்டாக ஓடிய வண்டிக்குப் பெயின்ட் அடித்து வெள்ளைப் பலகை மாட்டியிருப்பார்கள். பதிவேட்டில் இன்னும் வாடகைக் கார் என்றே இருக்கும். ஓன் போர்டாக மாற்றாமல் அதை வாங்கினால் பர்மிட், எஃப்சி (தகுதிச் சான்று), வரி எல்லாமே வாங்கியவர் தலையில் விழும்.

இந்தப் பக்கத்தின் மிகப் பெரிய உதவி ஃபைனான்ஸ் வரி. லோன் கட்டி முடித்தும் ஹெச்பி (பதிவேட்டிலுள்ள கடன் அடமானக் குறிப்பு) நீக்காத கார்கள் ஏராளம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. வங்கி கொடுத்த என்ஓசியைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்திருப்பார். ஆனால் பல வங்கிகளின் என்ஓசியில் 90 நாள் கெடு அச்சாகியிருக்கும். தேதி தாண்டியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும், கூடவே வங்கி முத்திரையோடு படிவம் 35 இரண்டு பிரதி. ஃபைனான்ஸ் கம்பெனி வேறொன்றோடு இணைந்து பேர் மாறியிருந்தால் எங்கே போய் வாங்குவது என்பதே ஒரு வேலை. அதனால் திரையில் ஃபைனான்ஸ் பேர் இருக்கும்வரை முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள். ஹெச்பி நீங்கியதைத் திரையில் பார்த்த பிறகு பேர் மாற்றத்துக்குப் போவதுதான் பாதுகாப்பு.

இனி தளத்துக்குத் தெரியாதவை. சேஸ் நம்பர் பதிவேட்டில் இருக்கும். வண்டியில் இருப்பதும் அதுதானா என்று நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். சில மாடலில் பானட்டைத் தூக்கினால் பின்சுவர்த் தகட்டில் குத்தியிருக்கும். சிலவற்றில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கீழ், கார்ப்பெட்டை விலக்கினால் தெரியும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். மொத்தம் 17 எழுத்தும் எண்ணும். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ போல இருந்தால் அது பூஜ்யம். மாருதி என்றால் எம்ஏ3, ஹூண்டாய் என்றால் எம்ஏஎல் என்று தொடங்கும். ஓர் எழுத்து மட்டும் ஆழம் குறைந்திருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் கீறல் அல்லது புதுப் பெயின்ட் இருந்தாலோ அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் பதிவெண், சேஸ், இன்ஜின் எண்களைப் போட்டு அறிக்கை எடுக்கலாம்.

உரிமையாளர் இறந்துபோனதும் திரைக்குத் தெரியாது. மகன் விற்கிறார், பேர் அப்பாவுடையது என்றால், படிவம் 31 வழியாக முதலில் வாரிசு பேருக்கு மாற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் நகராது. "அப்பா கையெழுத்து போட்ட ஃபாரம் இருக்கு" என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம்.

இன்சூரன்ஸ் காலாவதி தேதி தெரியும். அது தேர்ட் பார்ட்டியா முழுக் காப்பீடா என்பதற்கு பாலிசியைத்தான் பார்க்க வேண்டும். அபராதத்தை இ-சலான் பக்கத்தில் தேடலாம். பெங்களூர் வண்டியாக இருந்தால் அந்நகரப் போக்குவரத்துக் காவல்துறையின் தளத்திலும் நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

பேர் மாற்ற விண்ணப்பம்தான் இந்தச் சேவையின் இரண்டாம் பாதி. வண்டி எண்ணும் சேஸின் கடைசி 5 எழுத்தும் போட்டால், பதிவேட்டிலுள்ள விற்பவரின் செல்போனுக்கு ஓடிபி போகும். இங்கேதான் பாதி வியாபாரம் நின்றுபோகிறது. அந்த எண் ஷோரூமில் வண்டி எடுத்த அன்று யாரோ போட்டது, சிம் எப்போதோ செத்துப்போனது, அல்லது அவர் இப்போது துபாயில் இருக்கிறார். எண்ணை மாற்றத் தளத்திலேயே வசதி இருக்கிறது. ஆனால் அதையும் பதிவான உரிமையாளர்தான் செய்ய வேண்டும். எனவே வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வி: "ஓடிபி வர்ற போன் இப்ப யார் கையில இருக்கு?" பதிலை இழுத்தால், விற்பவர் உண்மையான உரிமையாளர் வரை எட்ட முடியாதவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதனால்தான் பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ வெற்றாகவே விட்டுக் கையெழுத்து வாங்கி வைத்து, இரண்டு மூன்று கை மாற்றும் பழக்கம் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50-ன்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத விற்பனையில் விபத்து நடந்தால் பதிவேட்டில் பேர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே விற்பவருக்கும் இதில் அவசரம் உண்டு. அதைச் சொல்லியே அவரைக் கூட அழைத்துப் போகலாம்.

கன்சல்டிங்கில் வாங்குவோர் கேட்க வேண்டியது படிவம் 29சி. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததை உரிமையாளர் இதில் பதிவு செய்தால், வண்டிக்குப் பொறுப்பு வியாபாரியுடையதாகும். நல்ல ஏற்பாடு. இதைக் கேட்டதும் கன்சல்டிங்காரர் விழித்தால், பேர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்திவைத்து, அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

செலவு பெரிதல்ல. மத்திய விதிப்படி காருக்குப் பேர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200; மாநிலச் சேவைக் கட்டணம் தனி. புரோக்கர் கேட்கும் ஆயிரங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அச்சிட்ட படிவங்கள், ரசீது, அசல் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடிக்க வேண்டும். புது ஆர்சி ஸ்பீட் போஸ்டில் வரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கதவு எண்ணைச் சரியாகப் போடுங்கள், இல்லையென்றால் தபால் திரும்பிவிடும்.

பேர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். தேர்ட் பார்ட்டி பகுதி வண்டியோடு வரும். சொந்தச் சேதத்துக்கு உங்கள் பேர் ஏறியிருக்க வேண்டும். பழையவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடுவதால் வித்தியாசத் தொகை கட்டச் சொல்வார்கள். ஃபாஸ்டேகையும் அன்றே அவரை மூடச் சொல்லுங்கள். மூடாமல் விட்டால் பள்ளிகொண்டா டோலில் அவர் கணக்கிலிருந்து பணம் போகும், உங்கள் பேரில் புது டேகும் கிடைக்காது.