கும்பகோணத்துல 45 நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், 5க்கு 3 ஸ்டார்

பேரு போடல, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில இருக்குற ஒரு சென்டர்னு மட்டும் வெச்சுக்கங்க. ஃபீஸ் 4500, தெனம் ஒன்றரை மணி நேரம்.

நான் ஏன் போனேன்னா, சென்னை ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில எட்டு மாசம் வேலை பார்த்தேன், மீட்டிங்ல வாயே தொறக்க மாட்டேன். ஊரு எதுன்னு கேட்டா கும்பகோணம்னுவேன். உண்மையில வலங்கைமான்ல எறங்கி இன்னும் உள்ள போகணும், ஒரு நாளைக்கு ரெண்டு ட்ரிப் பஸ்ஸு தான். ஒருத்தர் தோண்டித் துருவி கேட்டாரேன்னு வலங்கைமான்னு சொன்னா "ஓ அந்த பாடைக்காவடி ஊரா"ன்னு சிரிச்சாரு, அவரு சாதாரணமா தான் சிரிச்சாரு, எனக்கு தான் அன்னைக்கு சோறு எறங்கல. அப்பா போன் பண்ணா வெளியில ஓடிப்போய் பேசுவேன், அவரு வயல்ல நின்னு கத்துறது பக்கத்து சீட்டுக்கு கேட்டுடுமோன்னு. தூக்கம் சுத்தமா போனப்ப 14416க்கு, அதான் டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பருக்கு, ஒரு தடவ அடிச்சேன், ஃப்ரீ தான், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், யாருக்காவது தேவைப்பட்டா கூச்சப்படாதீங்க. அப்புறம் வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து சேர்ந்தது தான் இந்த கிளாஸு.

கிராமர் நல்லாவே நடத்துறாங்க, அதுல குறை இல்ல. ஆனா மொத நாள் செல்ஃப் இன்ட்ரோல ஊர் பேரை சொன்னதும் சார் நிறுத்தி, கிராமம்லாம் எதுக்குப்பா, நேட்டிவ் கும்பகோணம்னு முடிச்சுக்க, அப்பா என்ன பண்றார்னு கேட்டா பிசினஸ்னு சொல்லுன்னாரு. எந்த வியாதிக்கு மருந்து வாங்க போனேனோ அதையே பாட்டில்ல அடைச்சு குடுத்த மாதிரி இருந்துச்சு. ஒரு ஸ்டார் அங்கயே காலி.

நாலாவது வாரம் சார் லீவு, ஒரு மேடம் வந்தாங்க. போன வாரம் உங்க வீட்டுல நடந்ததை அஞ்சு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசுங்கன்னாங்க. எங்க வீட்டுல நடந்தது ஒண்ணே ஒண்ணு தான், குறுவை நெல்லு டிபிசி வாசல்ல, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்து வாசல்ல கெடக்கு, ஐப்பசி மழை வேற, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்க, எங்களுது மிஷின்ல 18.6 காட்டுது. அதையே சொன்னேன். 40 கிலோ சிப்பம், தார்ப்பாய், ராத்திரி காவல்னு தட்டுத்தடுமாறி வந்துடுச்சு. ரோட்டுல காய வெச்ச நெல்லை அப்பா வெறுங்காலால தள்ளித் தள்ளி கோடு கோடா கிண்டி விடுவாரு, அதுக்கு தான் வார்த்தையே கெடைக்கல. எந்திரிச்சு கால இழுத்து இழுத்து நடந்தே காட்டிட்டேன். மேடம் போன்ல தேடிப் பார்த்துட்டு, எனக்கும் தெரியலப்பா, நீ மேல சொல்லுன்னாங்க. மூணு வாரமா கும்பகோணம்னே சொல்லிட்டிருந்த ஒரு பையன் கடைசி பெஞ்சுல இருந்து, "எங்களுது 19 ப்ரோ, பாபநாசம் பக்கம்"னான்.

இப்ப எல்லாம் சரியாயிடுச்சான்னா இல்ல. ஆன்லைன் இன்டர்வியூல பின்னாடி மாடு கத்துனா கை தானா மியூட்டுக்கு தான் போகுது. ஆனா அப்பா என்ன பண்றார்னு கேட்டா விவசாயம்னு சொல்லிடுறேன்.

சேர்றவங்க ஜூன் பேட்ச்ல சேராதீங்க, மேட்டூர் தண்ணி வந்து நடவு ஆரம்பிச்சா பாதி நாள் லீவு தான் போடுவீங்க. ஃபீஸ் ரெண்டு தவணையா கட்டலாம், நாமளா கேட்டா தான் சொல்வாங்க. மேடம் எந்த பேட்ச்னு விசாரிச்சுக்கங்க. ஏசி பேருக்கு தான்.

சர்டிஃபிகேட்ல எனக்கும் கும்பகோணம்னே அடிச்சு வெச்சிருந்தாங்க, எங்க ஊர் பேரை போட்டுக் குடுங்கன்னு திருப்பிக் குடுத்து மூணு வாரம் ஆச்சு, இன்னும் வரல.